திருத்த வரலாற்றைக் காக்கும் கருவி

கணிப்பொறி நிரலில் யார், என்று, எதைத் திருத்தினார் என்பதை வரிசையாகக் காப்பது பதிப்புக் கட்டுப்பாட்டு முறையாகும். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சப்வெர்ஷன் முறையில் இவ்வரலாறு நடுவண் பொறியொன்றில் தங்கும். வேறு படி எடாதிருக்கையில் அப்பொறி பழுதுற்றால் வரலாறு அழியும். 2005-இல் தோன்றிய கிட் முறையிலோ, பொதுவாக ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் உண்டு.

பழைய வரலாற்றை வெளிக்கொணர்வது எவ்வாறு? சப்வெர்ஷனின் முதற்கருவி, களஞ்சியத்தை நேரே அணுகக்கூடிய பொறியிலேயே இயங்கவல்லது. 2011-இல் வெளிவந்த 1.7-ஆம் பதிப்பில் சேர்க்கப்பெற்ற எஸ்விஎன்ஆர்டம்ப் என்னும் கருவி, தொலைவிலிருந்தே வலையமைப்பின் வழியாகத் திருத்தங்களை முறையே பெற்று, ஒரே தொடராக எழுதுகிறது. இத்தொடரைக் கிட் ஏற்கும் வடிவிற்கு மற்றொரு கருவி மாற்றுதல் வேண்டும். இரு களஞ்சியங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பழையதைக் கைவிடுதல் தகும்.