குளிரில் கிளம்பாத மோட்டார் வண்டி

நாஞ்சில் நாட்டில் குளிர் என்று நாம் சொல்வது மார்கழி மாதத்துப் பனியைத்தான். விடியற்காலையில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கோயிலுக்கோ வயலுக்கோ செல்கிறோம். வெயில் பட்டதும் துண்டு தோளுக்கு இறங்கிவிடுகிறது. நாகர்கோவிலில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே போவது அரிது. ஆகவே இங்கு ஓடும் பழைய மோட்டார் வண்டிக்குக் குளிர் இன்னதென்று தெரியாது. அதே வண்டி டிசம்பர் விடுமுறையில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தை அடைகிறது. அங்கே சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். புல்வெளிகளில் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் வண்டி முனகுகிறதே தவிர, கிளம்புவதில்லை. இதற்குக் காரணம் யாது, அதைக் கண்டறியும் முறை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பழைய வண்டி என்று நான் குறிப்பது கார்புரேட்டர் பொருத்திய வண்டியை. அவற்றுள் நமக்கு நன்கு அறிமுகமானது அம்பாசடர். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த அவ்வண்டியை இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்தது. உற்பத்தி நின்ற பின்னரும் அன்போடு பேணி ஓட்டுகிறவர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. இன்றைய வண்டிகளில் கணிப்பொறி ஒன்று அமர்ந்து பெட்ரோலை அளந்து விடுகிறது. பழைய வண்டியில் அந்த வேலையை ஓட்டுநரின் அறிவே செய்யவேண்டும். மாணவர்களுக்கு அது நல்ல பாடப்புத்தகம் என்பது என் கருத்து.

ஒரு பெட்ரோல் இஞ்சின் கிளம்புவதற்கு மூன்று தேவைகள் உண்டு. இஞ்சின் போதிய வேகத்தில் சுழலவேண்டும். தக்க தருணத்தில் தீப்பொறி விழவேண்டும். எரியத்தக்க அளவில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்திருக்கவேண்டும். குளிர் இம்மூன்றையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. இஞ்சின் எண்ணெய் தடிப்பதால் சுழற்றுவதற்கு அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. பேட்டரியினுள் இரசாயன வினை மந்தமாவதால் அந்த அதிக ஆற்றலைத் தர அது தயங்குகிறது. பெட்ரோலோ ஆவியாக மறுத்துத் துளிகளாகவே நிற்கிறது. அதிகம் கேட்கும் நேரத்தில் குறைவாகக் கொடுப்பது என்னும் இந்த முரண்பாடே குளிர்காலத் தொல்லையின் வேர்.

எனவே முதலில் காதைப் பயன்படுத்துங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இஞ்சினை மெதுவாக, இழுத்து இழுத்துச் சுழற்றுகிறதா? அப்படியானால் பெட்ரோலைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். குறை மின்சாரத்தில் இருக்கிறது. சுறுசுறுப்பாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையா? அப்போது தீப்பொறியையும் பெட்ரோலையும் ஆராயலாம். இந்த ஒரு கேள்வியைக் கேளாமல் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர், வயிற்றுவலிக்காரனின் கண்ணைச் சோதிக்கும் வைத்தியரைப் போன்றவர்.

மெதுவாகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரியில் மின்னேற்றம் குறைவு, அல்லது அதன் முனையில் இணைப்புச் சரியில்லை. விளக்கு பிரகாசமாகவே இருந்து ஸ்டார்ட்டர் மட்டும் அசையாவிட்டால் ஸ்டார்ட்டருக்குச் செல்லும் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. நன்கு மின்னேற்றிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 ஆகக் குறைந்திருந்தால் ஏறத்தாழப் பாதியே எஞ்சியிருக்கிறது. முந்திய மாலை மூடுபனியில் விளக்கை எரியவிட்டு, போக்குவரத்து நெரிசலில் நின்று நின்று ஊர்ந்து வந்திருந்தால், இஞ்சின் மெதுவாக ஓடிய அந்நேரத்தில் பழைய டைனமோ மின்னேற்றம் செய்திராது. காலைத் தொல்லைக்கு மாலையிலேயே வித்திட்டாயிற்று.

என் பழைய மாணவர் ஒருவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய அம்பாசடர் உதகையில் அதிகாலையில் கிளம்ப மறுத்தது. பயணிகள் கோயம்புத்தூரில் ரயிலைப் பிடிக்கவேண்டும். பேட்டரி கெட்டுவிட்டது என்று ஒருவர் சொல்ல, இவரும் பல நாள் வருவாயைக் கொடுத்துப் புதியது வாங்கினார். வெயில் ஏறியபின் வண்டி கிளம்பிற்று. பேட்டரிதான் காரணம் என்று எல்லோரும் நம்பினர். ரயிலோ போய்விட்டது. மறுவாரம் அதே ஊரில் அதே காலைவேளையில் அதே முனகல்! ஊர் திரும்பியபின் ஆராய்ந்ததில், இஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையின் அடியில் பச்சை நிறமாகக் களிம்பு ஏறியிருந்தது. நம் கடற்கரையின் உப்புக் காற்று செய்த வேலை அது. பட்டையைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் தொல்லை தீர்ந்தது. செலவு ஓர் உப்புத்தாளின் விலை.

இங்கே ஒரு கேள்வி எழும். களிம்பு நாகர்கோவிலிலும் இருந்ததே. இங்கு ஏன் வண்டி நன்றாகக் கிளம்பிற்று? ஓம் விதியைப் படித்தவர்களுக்கு விடை எளிது. களிம்பின் மின்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம், என்று உதாரணத்துக்குக் கொள்வோம். வெப்பமான ஊரில் ஸ்டார்ட்டர் 120 ஆம்பியர் இழுத்தால் அத்தடையில் இழப்பது 1.2 வோல்ட். பேட்டரி அவ்வேளையில் 11 வோல்ட் தந்தால் 9.8 வோல்ட் மிஞ்சும், வண்டி கிளம்பிவிடும். மலையில் எண்ணெய் தடித்து 200 ஆம்பியர் வேண்டியிருந்தால் இழப்பு 2 வோல்ட். குளிர்ந்த பேட்டரியோ 10 வோல்ட்தான் தருகிறது. மிஞ்சுவது 8 வோல்ட். நெடுநாளாக மறைந்திருந்த நோயைக் குளிர் வெளிப்படுத்திவிட்டது, அவ்வளவே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரின் ஒரு கம்பியை இஞ்சின் உடலிலும், மற்றொன்றைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றவர் பார்த்தால் போதும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைச் சுத்தம் செய்யாமல் வேறெதையும் வாங்காதீர்கள்.

மின்னழுத்தம் இறங்குவதால் மற்றொரு தீங்கும் விளைகிறது. 1831 ஆம் ஆண்டு பாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவத்தால், இக்னிஷன் காயில் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அதற்கே 8 வோல்ட் கிடைத்தால் பொறி வலுவிழக்கும். பெட்ரோல் பற்றவில்லை என்று நாம் எண்ணும் பல காலைகளில் உண்மையான குற்றவாளி இதுவே.

இஞ்சின் சுறுசுறுப்பாகச் சுழன்றும் கிளம்பாவிட்டால் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது; பொறி விழவில்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவேயில்லை. தொட்டி, வடிகட்டி, பம்பின் சவ்வு என்று வரிசையாகத் தேடலாம். பொறி விழாததற்கு மலையில் முதற்காரணம் ஈரம். டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பனிநீர் படிந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, மயிரிழை போன்ற விரிசல் உண்டா என்று பார்க்கவேண்டும். ஐப்பசி மழைக்காலத்தில் நம் ஊரிலும் இத்தொல்லை வரும்.

சோக் என்பது காற்றைக் குறைத்தோ பெட்ரோலைக் கூட்டியோ கலவையைச் செறிவாக்கும் கருவி. உதகையில் காற்றழுத்தம் நம் ஊரைக் காட்டிலும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. கலவை ஏற்கனவே செறிவாகத்தான் இருக்கும். ஆகவே சோக்கை நெடுநேரம் இழுத்து வைத்தால் பிளக் நனைந்துபோகும். அப்போது சோக்கைத் தள்ளிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி சுழற்றினால் மிகுதியான பெட்ரோல் வெளியேறும்.

விசித்திரமான நோய் ஒன்றும் உண்டு. வண்டி கிளம்பிச் சிறிது தூரம் ஓடியபின் திணறி நின்றுவிடும்; பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் ஓடும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுவதால், ஈரக்காற்றிலுள்ள நீர் கார்புரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கிறது. நின்றபின் இஞ்சினின் சூட்டில் அது உருகிவிடுகிறது. மெக்கானிக் வந்து பார்க்கும்போது தடயமே இராது! காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்போதே இது நிகழும்.

2023 ஆம் ஆண்டு முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஆவியாக அதிக வெப்பம் கேட்கும். பழைய இரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் நாளடைவில் கெடுக்கும். பழைய வண்டிக்காரர்கள் அவற்றை ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்து மாற்றுதல் நலம். டீசல் வண்டிக்குத் தீப்பொறியே கிடையாது. அங்கே கடுங்குளிரில் எண்ணெயிலுள்ள மெழுகு உறைவதுதான் பெருந்தொல்லை. லடாக் பகுதிக்கென்று மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை 2019 இல் இந்தியன் ஆயில் நிறுவனம் அறிமுகப்படுத்தியது.

இச்சோதனைகளைச் செய்யும்போது சில எச்சரிக்கைகள் உண்டு. பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கவேண்டாம். குளிருக்குத் தீமூட்டியிருப்பவர்களைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும்; அதற்கு ஒரு சிறு பொறி போதும். வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்க நேர்ந்தால், முதலில் இரு வண்டிகளிலும் எந்த முனை எர்த் என்று பாருங்கள். பழைய ஆங்கில மாதிரி வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே எர்த் ஆக இருக்கும். இரண்டும் ஒத்திருந்தால் மட்டும் இணையுங்கள். கடைசிக் கம்பியைக் கிளம்பாத வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து விலகி, இஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள்.