சாந்த்ராகாச்சியில் இறங்கி எதில் ஏறுவது: வாடகைக் காரா, ரயிலா?

சென்னையிலிருந்து ரயிலில் கொல்கத்தா போகும் பலர் இப்போது ஹவுரா நிலையத்தைப் பார்ப்பதே இல்லை. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2022 முதல் ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. சென்ட்ரலிலிருந்து கிளம்பும் ஏசி எக்ஸ்பிரஸ் ஒன்று சாந்த்ராகாச்சியிலேயே முடிகிறது. ஹவுராவுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னால், தென்கிழக்கு ரயில்வேயின் கரக்பூர் கோட்டத்தில் இருக்கிறது இந்த நிலையம். சுமார் 1,650 கிலோமீட்டர் வந்த அலுப்போடு பெட்டிகளை இறக்கி வைத்ததும் குடும்பத்துக்குள் பேச்சு தொடங்கும். ஒரு வாரம் வங்கத்தைச் சுற்றப்போகிறோம். ஒரே காராக எடுத்துவிடலாமா, ரயிலிலேயே போய்வரலாமா?

குழந்தைகள், வயதானவர்கள், மூட்டை முடிச்சு என்று வந்திருப்பவர்கள் கார்தான் வசதி என்பார்கள். பாதி சரி. எந்தப் பாதி என்பது, கார் வாடகையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் விளங்கிவிடும்.

டிரைவரோடு வரும் காருக்கு ஓடிய தூரத்துக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. வெளியூர்ப் பயணம் என்றால் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள்; வண்டி ஓடினாலும் நின்றாலும் அதற்குக் கொடுத்தாக வேண்டும். சாந்த்ராகாச்சியிலிருந்து திகா கடற்கரை சுமார் 180 கிலோமீட்டர். போகவர 360. அங்கே இரண்டு இரவு தங்கினால் மூன்று நாள் கணக்கு. நாளைக்கு 250 என்றால் 750 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று பேசியிருந்தால் 10,500 ரூபாய் ஆகிவிடும். அதற்கு மேல் மூன்று நாள் டிரைவர் பேட்டா, தூலாகட் சுங்கச்சாவடி, பார்க்கிங். நீங்கள் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்த நடு நாளில் கார் விடுதி வாசலில் சும்மா நின்றது. மீட்டர் மட்டும் ஓடியது. ஒரு வழி மட்டும் இறக்கிவிடுங்கள் என்றாலும் வண்டி காலியாகத் திரும்பும் தூரத்தையும் பெரும்பாலும் நம் தலையில்தான் கட்டுவார்கள்.

ரயிலில் இந்தத் தொல்லை கிடையாது. காலையில் ஹவுராவிலிருந்து வரும் தாம்ரலிப்தா எக்ஸ்பிரஸில் சாந்த்ராகாச்சியில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் திகா. நான்கு பேர் ஏசி சேர்காரில் போய்வந்தாலும் கட்டணம் மூவாயிரத்தைச் சுற்றித்தான் வரும். 2004இல் திகாவுக்கு ரயில் பாதை வந்ததிலிருந்து, திகாவுக்கு மட்டும் போகிறவர்கள் கார் எடுப்பது காசைக் கரியாக்குவதுதான். 2025 ஏப்ரலில் அங்கே ஜகந்நாதர் கோயில் திறந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. இருக்கையை முன்கூட்டியே போட்டுவைப்பது நல்லது.

திகாவை விட்டு மந்தார்மணி போக ஆசைப்பட்டால் கதை மாறும். அங்கே ரயில் கிடையாது. காண்டாயில் இறங்கி (நிலையப் பலகையில் காந்தி என்று எழுதியிருக்கும்) அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். சங்கர்பூர், தாஜ்பூர், மந்தார்மணி என்று கடற்கரை கடற்கரையாகப் பார்க்க ஒரு நாளைக்குக் காரை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். திகாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தால்சாரியும் சந்தனேஸ்வர் கோயிலும் ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்தவை. மாநில எல்லை தாண்டும் அனுமதி வண்டிக்கு இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

விஷ்ணுபூர் விஷயமும் இதே மாதிரிதான். மல்ல அரசர்கள் கட்டிய சுடுமண் கோயில்களைப் பார்க்கத்தான் அங்கே போகிறோம்: 1600இல் எழுந்த ராஸ்மஞ்ச், 1643இன் ஷ்யாம்ராய், 1655இன் ஜோர்பங்களா. சாந்த்ராகாச்சியில் ரூபஸீ பங்களா எக்ஸ்பிரஸில் ஏறினால் முற்பகலுக்குள் விஷ்ணுபூர். கோயில்கள் எல்லாம் ஊருக்குள்ளேயே, ஒன்றிலிருந்து ஒன்று சிறிது தூரத்தில். அங்கே ‘டோட்டோ’ என்று சொல்லும் பேட்டரி ஆட்டோவைப் பேசிக்கொண்டால் போதும். குறுகிய தெருக்களில் இன்னோவாவை வளைத்துத் திருப்புவதைவிட அது சுகம். மறுநாள் முகுட்மணிப்பூர் அணைக்குப் போகவேண்டுமென்றால் மட்டும் ஒரு நாள் காரை அமர்த்திக்கொள்ளலாம். காலையில் கிளம்பி, அணையைச் சுற்றி, இரவு அதே இடத்துக்குத் திரும்புகிற பயணம் அது. அப்படிப்பட்ட வட்டப் பயணத்தில்தான் கார் கொடுத்த காசுக்கு உழைக்கிறது.

காருக்கென்று ஒரு பெருமை இல்லாமல் இல்லை; நினைத்த இடத்தில் நிறுத்தலாம். மழைக்காலத்தில் கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றுப் பாலத்தருகே நிறுத்தி இல்சா மீன் சாப்பிட்டவர்கள் ரயில்தான் மலிவு என்ற வாதத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவர்களோடு சண்டைக்குப் போக எனக்கும் மனமில்லை.

கொல்கத்தா நகருக்குள் போவதற்கு என்ன செய்வது? காரில் என்றால் கோனா விரைவுச் சாலை, பிறகு 1992இல் திறந்த வித்யாசாகர் சேது. பாலத்தில் ஏறிவிட்டால் ஹூக்ளி ஆறு கீழே அழகாகத்தான் தெரியும். ஏறுகிற வரைக்கும்தான் பாடு. கோனா சாலை நெரிசலுக்குப் பேர்போனது. மின்சார ரயிலில் ஹவுரா போய், அங்கிருந்து ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் எஸ்பிளனேடுக்குப் போய் இறங்கலாம். 2024 மார்ச்சில் தொடங்கிய இந்தத் தடம் 2025 ஆகஸ்டிலிருந்து சியால்தா வழியாக செக்டர் ஃபைவ் வரை முழுமையாக ஓடுகிறது. மின்சார ரயில் டிக்கியாபாராவில் சிக்னலுக்கு நிற்பதுண்டு. அந்தப் பொறுமை வேண்டும். கைப்பை மட்டும் என்றால் ரயில், பெரிய பெட்டிகள் இருந்தால் செயலி டாக்சி என்பேன்.

சாந்த்ராகாச்சியில் நடைமேடை மாறுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2018 அக்டோபர் 23 மாலை, சில ரயில்கள் ஒரே சமயத்தில் வந்தபோது இங்குள்ள நடைமேம்பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு இருவர் உயிரிழந்தார்கள். பெரியவர்களோடு வந்தால் முதல் கூட்டம் படியேறி முடிக்கும்வரை பெஞ்சில் உட்காருங்கள். டிசம்பர், ஜனவரியில் காத்திருக்க நேரமிருந்தால் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஏரிக்கு நடந்து போகலாம். ஆகாயத்தாமரைத் திட்டுகளில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். இதற்குக் காரும் வேண்டாம், ரயிலும் வேண்டாம்.

காரா, ரயிலா என்பதில் ஐரோப்பா போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ரூபாய்க்குப் பதில் யூரோ. பாரிஸிலிருந்து லியோனுக்கு டிஜிவி ரயிலில் இரண்டு மணி நேரம். அதைக் காரில் கடந்து, சுங்கமும் கட்டி, நகரத்துக்குள் பார்க்கிங் தேடுவது வீண். ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விட்டால் தனிக் கட்டணம் வாங்குவார்கள், அதுவும் கனமாக. இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வெளியார் வண்டி நுழையத் தடை. கேமரா படமெடுத்துவிடும், அபராதச் சீட்டு நாம் ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து வரும். அதே இத்தாலியில் டஸ்கனி மலைக் கிராமங்களை ரயிலை நம்பிப் பார்க்க முடியாது. அங்கே மூன்று நாள் கார் எடுப்பது நியாயம். ஓட்டுவதற்கு நம்மூர் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கையிலிருப்பது நல்லது. அது ஓராண்டு செல்லும். யூரெயில் பாஸ் வாங்கினாலும் பிரான்ஸ், ஸ்பெயின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மறுபடி வங்கத்துக்கு வருவோம். தானே ஓட்டிக்கொள்ள கார் எடுப்பவர்கள் நம்பர் பலகையைப் பாருங்கள். கறுப்பில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது முறையாக வாடகைக்குப் பதிவான வண்டி. வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். டிரைவரோடு எடுப்பவர்கள் ஏறும்போதே மீட்டரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு உங்கள் வாசலிலிருந்தா, அவர்கள் கொட்டகையிலிருந்தா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். கடைசி நாள் தகராறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

துர்கா பூஜை வாரத்தில் வருகிறவர்கள் காரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ரயில் இருக்கையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்னால்தான் தொடங்குகிறது; காலை 8 மணிக்குத் திறக்கும்.