அலை நடுவே ஒரு நகரம்

நூல்களைக் கற்றுப் பெறும் அறிவு ஒரு கண் எனின், ஊர்களை நேரிற் கண்டு பெறும் அறிவு மற்றொரு கண் எனலாம். மேலைநாட்டு மாணவர் பலர், வார நாள்களிற் கல்விக்கூடத்திற் பயின்று, சனி ஞாயிறு ஆகிய விடுமுறை நாள்களில் நண்பருடன் கூடிப் பழம்பெரு நகரங்களைக் கண்டு வருவர். அத்தகைய பயணம் ஒன்றன் வரலாறு வருமாறு:

இத்தாலி நாட்டின் வடபகுதியிற் பதுவை என்னும் நகரம் உளது. 1222ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகம் ஒன்று அங்கே விளங்குகின்றது. பேரறிஞர் கலிலியோ 1592 முதல் 1610 வரை கணிதம் கற்பித்த இடம் அதுவே. அங்குப் பயிலும் மாணவன் ஒருவன், நவம்பர்த் திங்களில் ஒரு சனிக்கிழமை காலையில், தோழர் மூவருடன் வெனிசு நகரம் காணப் புறப்பட்டான். புகைவண்டியில் அரைமணி நேரப் பயணமே அது.

வெனிசு நகரம் ஏட்ரியாட்டிக் கடலோரத்தில், ஆழமற்ற உப்பங்கழியின் நடுவே, நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின் மீது அமைந்துள்ளது. 1846ஆம் ஆண்டில் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்படும் வரை அந்நகருக்குப் படகிலேயே செல்ல வேண்டும். புகைவண்டி அப்பாலத்தின் மேல் ஊர்ந்தபோது நீர்ப்பரப்பு விரிந்து தோன்றியது.

நிலையத்தின் வாயிற்படிகளில் இறங்கிய மாணவர் வியந்து நின்றனர். தெரு இருக்க வேண்டிய இடத்திற் பெருங்கால்வாய் ஓடியது. அந்நகரில் உந்துவண்டிகள் இல்லை. நோயாளரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் படகு. தீயணைப்போர் விரைந்து வருவதும் படகு. குப்பை அள்ளிச் செல்வதும் படகு. தீவுகளை இணைக்கும் பாலங்களோ நானூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் சிறந்தது, 1588 முதல் 1591 வரை கல்லால் ஒரே வளைவாகக் கட்டப்பெற்ற ரியால்டோப் பாலம்.

“சேற்று நிலத்தில் இத்துணைப் பெரிய மாளிகைகள் எங்ஙனம் நிற்கின்றன?” என்று தோழன் ஒருவன் வினவினான். மாணவன் தான் கற்றதை விளக்கினான். முற்காலத்தில் பகைவர் படையெடுப்புக்கு அஞ்சிய மக்கள் நிலப்பகுதியை விட்டு இத்தீவுகளில் அடைக்கலம் புகுந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் மரங்களைக் கூராக்கிச் சேற்றில் நெருக்கமாக அறைந்து, அவற்றின் மேற் பலகை பரப்பி, நீர் புகாத வன்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினர். “நீரில் மரம் மட்காதோ?” என்றான் மற்றொருவன். மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகள் காற்றின்றி வாழமாட்டா. சேற்றினுள் காற்று இல்லாமையால் அம்மரங்கள் பல நூற்றாண்டுகளாக நின்று சுமை தாங்குகின்றன.

சுற்றிலும் நீர் இருந்தும் பருகுதற்கு நீர் இல்லாத குறையையும் அம்மக்கள் அறிவால் வென்றனர். ஊர்ச் சதுக்கந்தோறும் தொட்டி தோண்டிக் களிமண்ணால் மெழுகி, மணல் நிரப்பி, நடுவிற் கிணறு அமைத்தனர். மழைநீர் மணலில் வடிந்து தெளிந்து கிணற்றிற் சேர்ந்தது. 1884ஆம் ஆண்டில் நிலப்பகுதியினின்று குழாய்வழி நீர் வரும்வரை இக்கிணறுகளே நகரின் உயிர்நாடி.

கடலை நம்பி வாழ்ந்த அந்நகரம் வாணிகத்தால் ஓங்கியது. இந்நகரத்து மார்க்கோ போலோ 1271ஆம் ஆண்டிற் புறப்பட்டுச் சீனம் வரை சென்று 1295ஆம் ஆண்டில் மீண்டார். அவருடைய பயண நூல், பாண்டிநாட்டுக் காயல் துறைமுகத்தையும் அங்கு வந்திறங்கிய குதிரைகளையும் குறிப்பிடுகின்றது. ஆயிரம் ஆண்டு தன்னாட்சி புரிந்த அக்குடியரசு 1797ஆம் ஆண்டில் நெப்போலியனிடம் வீழ்ந்தது.

நண்பகலில் மாணவர் புனித மாற்கு சதுக்கத்தை அடைந்து, அங்குள்ள மணிக்கூண்டின் மீது ஏறினர். 1609ஆம் ஆண்டில் கலிலியோ தம் தொலைநோக்கியை நகரப் பெருமக்களுக்குக் காட்டியது இவ்விடத்துக் கோபுரத்தின் மேலிருந்தே. அப்பழைய கோபுரம் 1902ஆம் ஆண்டில் இடிந்து வீழ்ந்தது. அதே இடத்தில் அதே வடிவிற் கட்டி, 1912ஆம் ஆண்டில் மக்கள் அதனை மீட்டனர்.

மாலையில் தென்கீழ்க்காற்று வலுத்தது. கடைக்காரர் தம் வாயில்களில் தடுப்புப் பலகைகளைப் பொருத்தினர். காரணம் கேட்ட மாணவருக்கு முதிய கடைக்காரர் ஒருவர் தம் சுவரிலிருந்த கறையைக் காட்டினார். 2019ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு வெள்ளம் 187 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்தது. 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் உயர்ந்த அளவு 194. நிலவின் ஈர்ப்பால் ஓதம் பெருகும் வேளையில் இக்காற்று கடல்நீரை வடக்கே தள்ளுமாயின் நகரில் வெள்ளம் புகும். இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நிலம் தாழ்ந்தது. உலகம் வெப்பமுறுவதால் கடல் உயர்கின்றது. இரண்டுக்கும் இடையே நகரம் தவிக்கின்றது.

“இன்றிரவும் வெள்ளம் வருமோ, ஐயா?” என்று மாணவன் கவலையுடன் கேட்டான்.

“அஞ்ச வேண்டா, தம்பி. கதவுகளை உயர்த்துவர். எனினும், பழகிய கை பலகையைப் பொருத்தாமல் இராது” என்றார் முதியவர்.

கழி கடலோடு கூடும் மூன்று வாயில்களில் 78 எஃகுக் கதவுகள் நீருக்கடியிற் படுத்துக் கிடக்கின்றன. உட்குழிவான அவற்றினுள் எப்போதும் நீர் நிறைந்திருக்கும். வெள்ளம் வருமுன் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால், அவை மிதந்தெழுந்து அணையாகி நிற்கும். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் முதன்முறையாக அவை வெள்ளத்தைத் தடுத்தன. மாணவர் தங்கிய இரவிலும் தடுத்தன. விடியலிற் சதுக்கம் ஈரமின்றி இருந்தது. ஆயினும் கடல் உயர உயரக் கதவுகளை அடிக்கடி மூட நேரும். அங்ஙனம் மூடினாற் கப்பல் போக்குவரத்துக்கு இடையூறு நேரும். கழியின் நீரும் கடல்நீரோடு கலந்து புதுமை பெறாது.

ஞாயிறன்று ரியால்டோப் பாலத்தருகே மருந்துக்கடை ஒன்றின் சாளரத்தில் ஓர் எண்பலகையை மாணவர் கண்டனர். அது பழநகரில் வாழும் மக்களின் தொகை. 1951ஆம் ஆண்டில் ஒன்றேமுக்கால் இலட்சம் அளவில் இருந்த தொகை, 2022ஆம் ஆண்டில் ஐம்பதாயிரத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. இல்லங்கள் பல பயணியர் விடுதிகளாயின, வாடகை உயர்ந்தது, மக்கள் நிலப்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். கூட்டத்தைக் குறைக்கக் கருதி, 2024ஆம் ஆண்டில் குறித்த சில நாள்களில், ஒருநாட் பயணியரிடம் நுழைவுக்கட்டணம் பெறும் முறையும் தொடங்கியது.

எண்பலகையை நோக்கிய மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். “கடல்வெள்ளத்தைக் கதவு தடுக்கும், நம் போன்றோர் வெள்ளத்தை எது தடுக்கும்?” என்றான் பின்னர். நண்பர்கள் அன்று பெருவழியை விட்டு, முதியவர் கடையிலேயே உணவுப்பொருள் வாங்கி உண்டு, குப்பையைத் தம் பையிலேயே இட்டு, ஒடுங்கிய பாலங்களில் ஊராருக்கு வழிவிட்டு நடந்தனர்.

மாலைப் புகைவண்டி பாலத்தைக் கடந்தபோது நகரம் நீரிற் பொன்னிறமாகத் தோன்றியது. மரமும் கல்லும் எஃகும் ஒரு நகரைத் தாங்கலாம். அதனை வாழ்விப்பவர் அதில் வாழும் மக்களே. பழம்பெரு நகரைக் காணச் செல்வோர், அம்மக்கள் வாழ்வுக்கு இடையூறின்றிக் கண்டு மீளுதலே முறை.