கபடமும் படமும்

எண் வேறு, எண்ணை எழுதும் குறி வேறு. சசூரின் குறிப்பான், குறிப்பீடு பற்றிப் பேசுகிறவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை. ஆனாலும் 27 என்றதும் அந்த இரண்டு குறிகளையே எண்ணாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். கணிப்பொறிக்கு நிரல் எழுத உட்கார்ந்தால் இந்த மயக்கம் நிற்காது.

நானே ஓர் எண்முறை கட்டிப் பார்க்கிறேன். அடிமானம் நான்கு. குறிகள், 'கபடம்' என்ற சொல்லின் எழுத்துகள்: க = 0, ப = 1, ட = 2, ம் = 3. 27ஐ நான்கால் வகுத்தால் ஈவு 6, மீதி 3. 6ஐ வகுத்தால் ஈவு 1, மீதி 2. 1ஐ வகுத்தால் ஈவு 0, மீதி 1. மீதிகளைக் கடைசியிலிருந்து படித்தால் 1, 2, 3, அதாவது 'படம்'. திரும்பி வர, 1ஐ நான்கால் பெருக்கி 2ஐக் கூட்டினால் 6. அதை நான்கால் பெருக்கி 3ஐக் கூட்டினால் 27. எந்த அடிமானத்துக்கும் இதே வழிதான்.

'கபடம்' என்று எழுதினாலும் அதே 27. முன்னால் நிற்கும் சுழிக்கு மதிப்பில்லை. அதற்காக அதைத் தூக்கிப்போட்டுவிட முடியாது. பிட்காயின் முகவரிகளுக்கான 58 குறி எண்முறையில், முன்னால் வரும் ஒவ்வொரு சுழி பைட்டுக்கும் தனியாக ஒரு '1' எழுதுகிறார்கள்.

முழு எண்கள் வரைக்கும் இந்த மொழிபெயர்ப்பில் சேதாரம் கிடையாது. பின்னத்தில்தான் வம்பு. பத்தில் ஒன்று, பத்தடிமானத்தில் 0.1 என்று முடிந்துபோகிறது. இரண்டடிமானத்தில் 0.000110011... என்று 0011 ஓயாமல் திரும்பத் திரும்ப வருகிறது. பத்துக்குள் ஐந்து இருக்கிறது. இரண்டின் எந்த அடுக்கும் ஐந்தால் மீதியின்றி வகுபடாது. இயந்திரம் எங்கேயாவது வெட்டித்தான் ஆகணும்.

வளைகுடாப் போரில், 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் தற்காப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஈராக்கிய ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 சிப்பாய்கள் செத்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் காலத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. அதை விநாடியாக மாற்றும் 0.1, 24 பிட்டில் வெட்டுப்பட்டிருந்தது. 100 மணி நேரம் ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து சுமார் 0.34 விநாடி ஆகிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

எந்தக் குறியில் எழுதினாலும் ஒன்றுதானே என்கிற நம்பிக்கை முழு எண்களோடு சரி. அதற்கப்புறம், எது முழுசாகச் சொல்லப்படும், எது வெட்டுப்படும் என்பதை அடிமானம்தான் தீர்மானிக்கிறது.