கைப்பிடியின் நிறமும் கருவியின் குணமும்

சந்தையிலே மண்பானை வாங்கும் பெண்மணி அதன் வடிவழகை மாத்திரம் பார்த்து விலை கேட்பதில்லை. கையில் எடுத்து, விரலாற் சுண்டி, எழும் ஓசையைக் கேட்ட பின்னரே பேரம் பேசத் தொடங்குகிறாள். மண்வெட்டி வாங்கும் கமக்காரனும் அலகைத் தட்டிப் பார்த்தே காசைக் கொடுக்கிறான். பரம்பரையாகப் பழகிய பொருள்களின் தரத்தை அறியும் வழி நம்மவர்க்கு நன்கு தெரியும். ஆனால் மின்சாரம் நம் வீடுகளுக்குள் வந்து நெடுங்காலம் ஆகியும், மின்வேலைக்குரிய கைக்கருவிகளின் தரத்தை அறியும் வழி மட்டும் நம்மிற் பலருக்கு இன்னும் கைவரவில்லை.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மின்வேலை பயிலச் செல்லும் பிள்ளைகள் பலர். தந்தையார் இரும்புக் கடைக்கு அழைத்துச் சென்று ஒரு குறடு, இரண்டு மூன்று திருப்புளிகள், ஒரு டெஸ்டர் ஆகியவற்றை வாங்கிக் கொடுக்கிறார். கடையின் பலகையில் இரண்டு குறடுகள் அருகருகே தொங்குகின்றன. இரண்டுக்கும் சிவப்பும் மஞ்சளும் கலந்த கைப்பிடி, இரண்டும் பளபளக்கின்றன. ஒன்றின் விலையோ மற்றதன் விலையிலும் பன்மடங்கு. “இரண்டும் ஒன்றுதானே, பெயருக்காகத்தான் இந்த விலை” என்று எண்ணி மலிவானதை எடுத்து வருதல் இயல்பே. அவ்வெண்ணம் ஒருவேளை சரியாகவும் இருக்கலாம். ஒருவேளை ஓர் உயிரையே விலையாகக் கேட்கவும் கூடும். இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதை இங்கு ஆராய்வோம்.

எதிரியின் வலிமை

முதலில் நாம் யாரை எதிர்த்துக் காவல் வைக்கிறோம் என்பதை அறிதல் வேண்டும். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. ஆடலோட்டமாகையால் ஒவ்வோர் அலையின் உச்சியிலும் அது 325 வோல்ற்று வரை எழுகின்றது. ஈரமான கையுடையவரின் உடலுக்குத் தடை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொள்வோம். வகுப்பிற் படித்த ஓமின் விதிப்படி கணக்கிட்டால், அவர் உடலினூடாக 230 மில்லி அம்பியர் ஓட்டம் பாயும்.

ஒரு மில்லி அம்பியர் அளவிலேயே உடல் அதனை உணரத் தொடங்குகிறது. பத்தைத் தாண்டும்போது தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாத நிலை வந்துவிடுகிறது. முப்பதுக்கு மேற்பட்டு நீடித்தால் மூச்சுக்கும் இருதயத்துக்கும் ஆபத்து. நம் வீடுகளில் உள்ள ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் இணைப்பைத் துண்டிக்குமாறு அமைக்கப்பட்டிருப்பது இதனாலேயாம். ஆகவே 230 என்பது சிறிய எண்ணன்று.

மின்வேலையின் முதல் விதி, பிரதான சுவிட்சை நிறுத்திய பின்னரே கைவைத்தல். இதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை. ஆயினும் தவறான சுவிட்சை நிறுத்திவிட்டோர் உண்டு. நிறுத்தியதை அறியாது வேறொருவர் திரும்பப் போட்டுவிட்ட வீடுகளும் உண்டு. அத்தகைய வேளையில் தொழிலாளியின் கைக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்பது, கைப்பிடியின் மேலுள்ள சில மில்லிமீற்றர் தடிப்பான காவலி ஒன்றேயாகும்.

உறையெல்லாம் காவலி அன்று

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது நம் பழமொழி. அதுபோலவே, பிளாஸ்டிக் உறை இட்ட கைப்பிடியெல்லாம் மின்காவலி ஆகாது. குறட்டின் பிடியை உருகிய பிளாஸ்டிக்கில் தோய்த்து எடுப்பதும் ஒரு முறை. அது கைக்கு மென்மையைத் தரும், வியர்வையில் வழுக்காமற் காக்கும், அவ்வளவே. உயிருக்குக் காவலாக நிற்கும் என்று அதனைச் செய்தவரே சொல்வதில்லை. நிறத்தைப் பார்த்து நாமே அவ்வாறு எண்ணிக்கொள்கிறோம்.

உண்மைக் காவலியை அறிய ஓர் அடையாளம் உண்டு. 1906ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டு இன்று ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு, மின்சாரம் உள்ள இடத்திற் கையாளும் கருவிகளுக்கென ஒரு நியமத்தை வகுத்துள்ளது. அதன் இலக்கம் 60900. அந்நியமத்துக்கு அமைந்த கருவியில், ஒன்றன்மேல் ஒன்று படிந்தாற்போன்ற இரு முக்கோணங்களும், 1000 வோல்ற்று என்ற குறிப்பும், செய்தவர் பெயரும், செய்த ஆண்டும் அழியாதவாறு பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மனியில் 1893இல் நிறுவப்பட்ட மின்னியலாளர் சங்கமாகிய வீ.டீ.ஈ.யின் முத்திரையும் பல கருவிகளிற் காணப்படும்.

1000 வோல்ற்றுக்கெனக் குறிக்கப்படும் இக்கருவிகள் 10,000 வோல்ற்றிலே சோதிக்கப்படுகின்றன. பத்து மடங்கு எதற்கு என்று மாணவர் கேட்பர். காவலி பழையதாகும், வெயிலில் வாடும், கீழே விழும். புதிதாக இருக்கையில் மிகுதியான வலிமை இருந்தாலன்றோ பழையதாகிய பின்னரும் போதிய வலிமை எஞ்சும்? மின்சோதனையோடு நிற்காமல், கடுங்குளிரிலே தட்டியும், சூட்டிலே அழுத்தியும், நெருப்பிற் காட்டியும் காவலியைச் சோதிக்கும் முறைகளும் அந்நியமத்தில் உள்ளன.

முத்திரையைப் போலியாக அச்சிடுவோரும் உலகில் உண்டு. ஆதலால் அடையாளத்தோடு அமையாது வேறு சிலவற்றையும் பார்த்தல் நன்று. எழுத்து வெறும் மையால் அச்சிடப்பட்டதா, அன்றி உறையிலேயே வார்க்கப்பட்டதா? செய்த ஆண்டு உண்டா? உலோகம் தொடங்கும் இடத்தில், கை முன்னோக்கி வழுக்காமல் தடுக்கும் விளிம்பு உண்டா? உறையை இறுகப் பிடித்து முறுக்கினால் அது உலோகத்தின் மேற் சுழல்கிறதா? சுழலுமாயின் அதை விலக்கிவிடுங்கள். சில நல்ல கருவிகளில் வெளியுறை ஒரு நிறமாகவும் உள்ளுறை வேறொரு நிறமாகவும் இருக்கும். மேலுறை தேய்ந்து உள்நிறம் தெரிந்தால், கருவியே தன் முதுமையைச் சொல்லிவிடுகிறது என்க.

உருக்கின் குணம்

அடுத்து உலோகத்தைப் பார்ப்போம். “குரோம் வனேடியம்” என்று பொறித்திருப்பதைக் கண்டு சிலர் திருப்தி அடைவர். அவ்வுலோகங்களை உருக்கோடு கலப்பது உறுதியைத் தரும் என்பது மெய்யே. ஆனால் குரோமியத்தை உருக்கிற் கலத்தல் வேறு. வெறும் இரும்பின் மேற் பூசுதல் வேறு. பளபளப்பு பின்னையதாலும் வரும்.

கலவையிலும் முக்கியமானது தோய்ச்சல். நம்மூர்க் கொல்லர் இதனை நன்கு அறிவர். செந்நிறமாகக் காய்ச்சிய உருக்கை நீரில் அமிழ்த்தினால் வன்மை பெறும். ஆனால் கண்ணாடி போல் உடையும் தன்மையும் வரும். மீண்டும் அளவாகச் சூடாக்கினால் உடையும் தன்மை குறைந்து உரம் வரும். குறட்டின் வெட்டுவாய் வன்மையாக இருத்தல் வேண்டும். உடலோ உரமாக இருத்தல் வேண்டும். நல்ல குறட்டில் வெட்டுவாயின் வன்மை றொக்வெல் அளவுகோலில் 60ஐ அண்டியிருக்கும். உடற்பகுதி அதனிலும் மென்மையாக விடப்பட்டிருக்கும். ஒரே துண்டு உருக்கில் இவ்விரு குணங்களையும் அமைப்பதற்கே நாம் கூடிய விலை கொடுக்கிறோம்.

கடையிலே இதனை எவ்வாறு அறிவது? குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டுவாய்களின் இடையே ஒளிக்கீற்றுத் தெரியலாகாது. மெல்லிய கடதாசித் துண்டொன்றை வெட்டிப் பாருங்கள். வாயின் அடியிலிருந்து நுனி வரை கடதாசி கிழியாமல் வெட்டுப்பட வேண்டும். பின்னர் ஒரு கையாலேயே திறந்து மூடுங்கள். தறையாணி உள்ள மூட்டு இறுகாமல் இயங்கவும் வேண்டும்; பக்கவாட்டில் ஆடாமல் இருக்கவும் வேண்டும்.

மூட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நெம்புகோலின் விதியை நினைவுகூர்வோம். கை அழுத்தும் இடம் மூட்டிலிருந்து 12 சதமமீற்றரும், வெட்டும் இடம் ஒன்றரைச் சதமமீற்றரும் ஆயின், கையின் விசை எட்டு மடங்காகிறது. 20 கிலோ நிறைக்குச் சமமாக அழுத்தினால் 160 கிலோ நிறைக்குச் சமமான விசை வெட்டுவாயிற் பாய்கிறது. மூட்டு ஆடுமாயின் அவ்விசையில் ஒரு பகுதி வாய்களை ஒன்றையொன்று விலகச் செய்யும். கம்பி வெட்டுப்படாது நசுங்கும், வேலையாள் இன்னும் அழுத்துவார், கை சறுக்கும்.

வீட்டுக்காரருக்கும் இதிற் பங்குண்டு

கருவி நல்லதோ தீயதோ, அது வேலையாளின் பாடு என்று வீட்டுக்காரர் இருந்துவிடலாகாது. மின்வேலையிற் பயன்படும் 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் 0.67 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு இழைகள் உள்ளன. மழுங்கிய குறட்டால் உறையை உரிக்கும்போது இரண்டு இழைகள் அறுந்தால், அவ்விடத்தில் ஏழில் ஐந்து பங்கே எஞ்சும். சுவரின் உட்புறத்தில் மறைந்துவிடுவதால் அதனைப் பின்னர் எவரும் காணார். கம்பியின் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனித் துளையுள்ள உரிக்குங் கருவியை வேலையாள் வைத்திருக்கிறாரா என்று பார்ப்பது வீட்டுக்காரருக்கு நன்மை தரும்.

திருப்புளியின் செய்தியும் இத்தகையதே. நுனி சரியாகப் பொருந்தாவிடில் திருகாணி முழுவதும் இறுகாது. அதன் தலை மாத்திரம் சிதையும். தளர்ந்த இணைப்பிலே பத்தில் ஒரு பங்கு ஓம் தடை தோன்றியது என்று வைத்துக்கொள்வோம். 20 அம்பியர் ஓட்டம் பாய்ந்தால் 40 வாற்று வெப்பம் அச்சிறிய இடத்தில் இடைவிடாது பிறக்கும். இது பற்றாசு பிடிக்கும் இரும்பு ஒன்றின் வெப்பத்துக்கு ஒப்பானது. சுவிட்ச் பெட்டிக்குள்ளே அத்தகைய இரும்பொன்றை வைத்து மூடிவிட்டு யார்தாம் நித்திரை கொள்வர்?

தட்டைத் திருப்புளியின் நுனி திருகாணியின் வெடிப்பை முழுதும் நிரப்ப வேண்டும். சிலுவை வடிவத்தில் இருவகை உண்டு. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1930ஆம் ஆண்டுகளிற் பரப்பிய வகை ஒன்று. 1960ஆம் ஆண்டுகளில் வந்த பொசிட்றைவ் என்னும் வகை மற்றொன்று. பின்னையதன் திருகாணித் தலையில், சிலுவையின் கைகளுக்கு இடையே மெல்லிய நான்கு கோடுகள் காணப்படும். பார்வைக்கு ஒத்திருப்பினும் ஒன்றின் நுனி மற்றதற் சரியாகப் பொருந்தாது. மின்பெட்டிகளில் உள்ள கருவிகளுக்குப் பின்னைய வகை பெரிதும் வேண்டப்படும்.

டெஸ்டரை நம்பலாமா?

டெஸ்டரின் பிடிக்குள்ளே ஒரு சிறு நியோன் விளக்கும், பெருந்தடை ஒன்றும் உண்டு. நுனியை மின்கம்பியில் வைத்து மறுமுனையை விரலால் தொட்டால், உணர முடியாத மிகச் சிறிய ஓட்டம் நம் உடலினூடாகப் பாய்ந்து விளக்கை எரிக்கிறது. உடலையே சுற்றின் ஒரு பாகமாக்கும் இக்கருவியை மலிவுக்காக வாங்குதல் தகாது. உள்ளே ஈரம் புகுந்தாலோ, தடை பழுதுற்றாலோ, காவலனே கள்வனாகிவிடுவான்.

இன்னுமொன்று: விளக்கு எரிந்தால் மின்சாரம் உண்டு என்று எச்சரிக்கை கொள்ளலாம்; எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்தல் ஆகாது. விளக்கு பழுதாகியிருக்கலாம், பகல் வெளிச்சத்தில் மங்கிய ஒளி தெரியாதிருக்கலாம், உலர்ந்த பலகையின் மேல் நின்றால் ஒளி குன்றியிருக்கலாம். ஆதலால் மின்சாரம் உள்ளது என நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் முதலிற் சோதித்து, பின்னர் வேலை செய்யும் இடத்திற் சோதித்து, மீண்டும் முதல் இடத்திற் சோதிக்க வேண்டும். தொழிலாகச் செய்வோர் இருமுனைச் சோதனைக் கருவியை வாங்குதலே சிறப்பு. டெஸ்டரைக் கொண்டு திருகாணி முடுக்குவோரும் உளர். முறுக்கினாற் பிடி வெடிக்கும். வெடித்த பிடியிலே காவல் ஏது?

வாங்கிய பின்னர்

நல்ல கருவியும் என்றும் நல்லதாகவே இராது. பிடியில் ஒரு வெட்டோ, வெடிப்போ, உருகிய தழும்போ கண்டால் அன்றே அதனை மின்வேலையினின்றும் விலக்கிவிடல் வேண்டும். அதன் மேல் நாடாவைச் சுற்றிப் பயன்படுத்துதல் தன்னைத் தானே ஏமாற்றுதலாகும். சுற்றிய நாடாவை 10,000 வோல்ற்றில் எவர் சோதித்தார்? கருவியைப் பெற்றோலாற் கழுவாதீர். கொதிக்கும் வெயிலிற் போடாதீர். ஈரத்தைத் துடைத்து, மூட்டுக்கு மட்டும் ஒரு துளி மெஷின் எண்ணெய் இட்டு வையுங்கள். காவலியிட்ட குறட்டைச் சுத்தியலாகப் பயன்படுத்துவதும் வேண்டாம்.

எல்லாவற்றையும் உயர்ந்த விலைக்கே வாங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. சுத்தியல், அளவு நாடா, கருவிப் பெட்டி ஆகியவற்றில் மலிவைப் பார்க்கலாம். மின்சாரத்தைத் தொடும் கருவிகளில் மாத்திரம் பார்க்க வேண்டாம். இருபது கருவிகள் அடங்கிய பெட்டியை ஒரே விலைக்கு வாங்குவதிலும், காவலியிட்ட ஒரு குறடும், பக்கவெட்டுக் குறடு ஒன்றும், இரண்டு மூன்று திருப்புளிகளும் நல்லனவாக வாங்குதல் மேல். எஞ்சியவற்றைப் பிள்ளை தன் முதற் சம்பளத்தில் வாங்கிக்கொள்வான், அல்லது வாங்கிக்கொள்வாள்.

அடுத்த முறை இரும்புக் கடைக்குச் செல்லும்போது அவசரப்படாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடதாசியை வெட்டிப் பாருங்கள். இரு முக்கோணங்களையும் ஆண்டையும் தேடுங்கள். பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் தாய்மாருக்கு இது புதிய வித்தையன்று. பானை உடைந்தால் சோறு மட்டுமே போகும். இங்கே ஒரு பிள்ளையின் கை அப்பிடியைப் பற்றிக்கொண்டிருக்கிறது.