நிற்கிற லாரிக்கும் வருமானம்

எண்ணூரிலோ மணலியிலோ ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, சொந்தமாக ஒரு லாரி வாங்கித் துறைமுக லோடுக்கு விடுகிறவர் வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு ஆள். சம்பளக்காரராக அவர் ஷிஃப்டுக்குப் போகப் போடும் பெட்ரோலையும் கைக்காசில் வாங்கும் ஷூவையும் சட்டம் விசாரிப்பதில்லை. என்ன வேலையானாலும் ஒரே நிலைக் கழிவுதான்: புதிய வரிமுறையில் 75,000 ரூபாய், பழையதில் 50,000. அதுவும் 2005 பட்ஜெட்டில் நீக்கப்பட்டு, 2018 பட்ஜெட்டில் 40,000 ரூபாயாகத் திரும்பி வந்தது. லாரி உரிமையாளராகக் கணக்கு எழுதினாலோ டீசல், டயர், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், கடன் வட்டி, தேய்மானம் அத்தனையும் கழியும். அதனால் ஷூவையும் லாரிக் கணக்கில் எழுதிவிடலாம் என்று தோன்றும், அது செல்லாது. ஒரே பைக்கில் ஆலைக்கும் லோடு பிடிக்கவும் போனால், தொழிலுக்கு ஓடிய பங்கு மட்டுமே கழிவு.

ரசீது எதுவும் வேண்டாம் என்றால் ஊக வருமான முறை இருக்கிறது. பத்து லாரி வரை வைத்திருப்பவருக்கு, 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியானால் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. 25 டன் லாரிக்கு வருடம் 3 லட்சம். செலவெல்லாம் அதற்குள் அடக்கம். வண்டி ஓடியதா என்ற கேள்வியே கிடையாது. எனக்கு உறுத்துவது இதுதான். துறைமுக நுழைவுக்காக எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்பது வடசென்னைக்குப் பழகிய காட்சி. நின்ற நாளுக்கு வாடகை இல்லை. பேட்டாவும் கடன் வட்டியும் ஏறிக்கொண்டேயிருக்கும். 2025-26 கணக்கில், சம்பளம் மட்டும் 11 லட்சமானால் புதிய முறையில் வரி இல்லை. ஊக லாபம் 3 லட்சம் சேர்ந்தால், நிலைக் கழிவு போக 13.25 லட்சம், செஸ்ஸோடு 81,900 ரூபாய் வரி. லாரி உண்மையில் ஒன்றரை லட்சமே மிச்சம் தந்திருந்தால் மொத்தம் 11.75 லட்சம், வரி பூஜ்யம்.

உண்மைக் கணக்கையே காட்டலாமே என்பார்கள். காட்டலாம், ஆனால் ஊகத் தொகைக்குக் குறைத்தால் கணக்குப் புத்தகமும் ஆடிட்டர் தணிக்கையும் கட்டாயம். ஒற்றை லாரிக்காரர் அதற்கு மலைத்துத்தான் ஊக முறைக்கே போய்விடுகிறார். தணிக்கைக் கட்டணத்தை 81,900 ரூபாயோடு வைத்துப் பார்த்துவிட்டு அவர் முடிவெடுக்க வேண்டும். தணிக்கையைத் தளர்த்தினால் எல்லாரும் நஷ்டம் காட்டுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க இன்றும் வழியில்லை. வண்டி எப்போது ஓடியது என்பதற்கு ஃபாஸ்டாகும் இ-வே பில்லும் சாட்சியாக இருக்கின்றன. அந்தப் பதிவுகளை வைத்து, ஒற்றை லாரிக்காவது ஓடாத நாட்களை ஊக லாபத்திலிருந்து சட்டம் கழித்துக் கொடுக்கலாம்.