வில்லில் மிஞ்சும் 20 ஜூல்

அமெரிக்கக் காடுகளில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களின் பெரிய கவலை நாணொலி. 20 மீட்டர் தள்ளி மேயும் வெள்ளைவால் மானை, நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் பாயும் அம்பு எட்ட 0.22 நொடி ஆகும். நாணின் ஒலியோ 0.06 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். அந்த இடைவெளி மானுக்குப் போதும். துள்ளி ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும், அல்லது தவறான இடத்தில் தைத்து, குற்றுயிராக அலையவிடும்.

இந்த வேட்டைக்காரர்களில் பலர் ஏந்தும் காம்பவுண்ட் வில்லுக்கு அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-ல் காப்புரிமை கோரி, 1969-ல் பெற்றார். இதன் இரு முனைகளிலும் கப்பிகள் உண்டு. நாணை முழுதும் இழுத்த பிறகு கையில் நிற்கும் பாரத்தை இன்றைய கப்பிகள் 80 சதவீதமோ அதற்கு மேலோகூடக் குறைத்துவிடுகின்றன.

இழுத்துச் சேர்த்த ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போய்ச் சேர்வதில்லை. 120 ஜூல் சேர்த்த வில் 25 கிராம் அம்பை அதே 90 மீட்டர் வேகத்தில் அனுப்பினால், அம்பு கொண்டுபோவது சுமார் 100 ஜூல். மிச்சம் 20 ஜூல் வில்லிலேயே தங்கி, கையில் உதறலாகவும் காதில் சத்தமாகவும் வெளிப்படுகிறது. அம்பே இல்லாமல் நாணை விட்டால் மொத்த ஆற்றலும் வில்லின் மேல் திரும்பும். நாண் அறுந்து, வில்லின் கைகள் பிளந்துபோகும் அபாயம் உண்டு.

ஆகவே முதல் வைத்தியம் கனமான அம்பு. அது ஆற்றலைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். வேகம் சற்றுக் குறையும், வில் அடங்கும்.

அடுத்தது வில்லின் கைகள். பழைய விற்களில் இரண்டும் சேர்ந்து முன்னோக்கிப் பாய்ந்து, பிடித்திருப்பவரை உலுக்கின. இப்போது அவற்றை ஏறக்குறைய இணையாகப் படுக்கவைக்கிறார்கள். அம்பை விட்டதும் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் விரிவதால், இரண்டின் உதைப்பும் ஒன்றையொன்று தணித்துவிடுகிறது.

அப்படியும் நாண் துடிக்கும். அதற்குத்தான் கைப்பிடிக்குப் பின்னால் நீளும் ஒரு சிறு கம்பி. நுனியில் ரப்பர்க் குமிழ். குமிழுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவே இடம் விடுவார்கள். பாய்ந்து வரும் நாண் அதில் மோதி நின்றுவிடும். வில்லின் கைகளில் பதிக்கும் காளான் வடிவ ரப்பர்த் துண்டுகள், எஞ்சிய அதிர்வை வெப்பமாக மாற்றுகின்றன. அம்பு உரசும் தாங்கியில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி ஒட்டினால் இழுக்கும்போது எழும் கீறல் ஒலியும் போய்விடும். லொடலொடக்கும் ஒரு திருகாணியை முறுக்குவதும் இதே வேலைதான்.

இந்தியாவில் காம்பவுண்ட் வில் விளையாட்டுக்கே உரியது. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகா வென்னம் 3 தங்கம் வென்றது இதில்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாகவும் வருகிறது. 50 மீட்டருக்கு அப்பால், 8 சென்டிமீட்டர் வட்டத்தைக் குறிவைத்து நாளெல்லாம் பயிற்சி செய்பவரின் மணிக்கட்டும் முழங்கையும் தோளும், அம்புக்கு அம்பு அந்த மிச்ச ஆற்றலைத் தாங்க வேண்டியிருக்கிறது. அங்கே ரப்பர்க் குமிழின் வேலை, அந்த மூட்டுகளைக் காப்பது.